ஃபிராங்க்ளின் கழற்றிப் போட்ட ஃபின்

செமஸ்டர் லீவுல ஸ்கூபா டைவிங் கத்துக்கலாம்னு ஒரு கேங் கிளம்பினா, முதல் வாரமே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டை வரும். எந்த ஃபின் வாங்கறது? நீளமானதா, குட்டையானதா? கல்லு மாதிரி விறைப்பா இருக்கிறதா, வளையறதா? விலை அதிகம்னா நல்லதுதானே? ஆளாளுக்கு ஒரு பதில். கடைசியில் யாரோ ஒருத்தர் கலர் பார்த்து வாங்கிடுவாங்க.

இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் தன் காலிலேயே சோதித்துப் பார்த்தான். தானே செய்தான், தானே மாட்டினான், நீந்தினான், சரிப்படலைன்னு கழற்றிப் போட்டான். ஏன் சரிப்படலை என்பதையும் பின்னாளில் தெளிவாக எழுதி வைத்தார். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் பெரியவர்தான் அந்தப் பையன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தவர் என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்போம். அமெரிக்க விடுதலையில் பெரிய கை என்றும் படித்திருப்போம். ஆனா அவரோட முதல் காதல் தண்ணீர். அந்தத் தண்ணீர் வழியாகவே அவர் வாழ்க்கையைப் பார்க்கலாம். நடுவில் நம்ம சதுரங்கப்பட்டினமும் வரும். எப்படின்னு அப்புறம் சொல்றேன்.

மெழுகுவர்த்திக் கடைப் பையன்

1706 ஜனவரி 17-ல் பாஸ்டன் நகரில் பிறந்தான் பெஞ்சமின். அப்பா ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அப்பாவுக்கு இரண்டு தாரம், மொத்தம் 17 பிள்ளைகள். ஆண் பிள்ளைகளில் இவன்தான் கடைசி. பள்ளிக்கூடம் போனது சுமார் 2 வருஷம்தான். 10 வயதில் படிப்பு நின்றது. அப்பா கடையில் திரி வெட்டுவதும் அச்சில் கொழுப்பு ஊற்றுவதும் வேலை. அந்த வேலை அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வீடு கடலுக்குப் பக்கம். சின்ன வயதிலேயே நன்றாக நீந்தவும் படகு ஓட்டவும் கற்றுக்கொண்டான். கப்பலில் ஏறிப் போய்விட வேண்டும் என்பதுதான் ஆசை. ஏற்கெனவே ஒரு அண்ணன் அப்படிப் போனதில் நொந்துபோயிருந்த அப்பா, இவனையும் கடலுக்கு விடத் தயாராக இல்லை.

கப்பல்தான் கிடையாது, தண்ணீர் இருக்கே! இன்னும் வேகமாக நீந்த என்ன செய்யலாம் என்று யோசித்தான். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் பலகை பார்த்திருப்பீங்க, கட்டை விரலை நுழைக்க ஒரு ஓட்டையோடு. அதே மாதிரி முட்டை வடிவத்தில் இரண்டு பலகைகள் செய்தான். சுமார் 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். உள்ளங்கையில் பொருத்திக்கொண்டு நீந்தினால் வேகம் நிஜமாகவே கூடியது. ஆனா மணிக்கட்டு சீக்கிரமே அசந்து போனது.

அடுத்து கால். செருப்பு மாதிரி ஒன்றைப் பாதத்தின் அடியில் கட்டிப் பார்த்தான். அதில் அவனுக்குத் திருப்தி இல்லை. காரணம் என்ன தெரியுமா? நீந்தும்போது கால் தண்ணீரைத் தள்ளுவது முழுக்க உள்ளங்காலால் இல்லை. பாதத்தின் உள்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் தள்ளுகின்றன. பலகையோ உள்ளங்காலில் இருக்கிறது. தள்ளும் இடம் ஒன்று, பலகை இருக்கும் இடம் இன்னொன்று. இந்த விளக்கத்தைப் பல வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி இன்ஜினியரா யோசிப்போம். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் நீந்தியது தவளை மாதிரி. முட்டியை மடக்கி, காலை வெளியே விரித்து, வட்டமாகச் சேர்ப்பார்கள். இன்னைக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்கிறோமே, அதன் உறவுக்காரன். கால்கள் சேரும்போது தண்ணீரை அழுத்துவது பாதத்தின் உள்விளிம்பு. அதனால்தான் உள்ளங்காலில் கட்டிய பலகை அவனுக்குப் பாதி வேலைதான் செய்தது. கையிலும் ஒரு பாடம் இருக்கு. பலகை பெரிசானால் தண்ணீரின் எதிர்ப்பும் பெரிசாகும். அந்த விசை முழுக்க மணிக்கட்டு என்ற சின்ன மூட்டில் திருகுவிசையாக வந்து இறங்கும். உந்துவிசை இலவசமாகக் கிடைக்காது, ஏதோ ஒரு மூட்டு அதற்கு விலை கொடுக்கிறது.

ஃபின் தேர்வின் அடிப்படை மொத்தமும் இந்த இரண்டு சோதனையில் வந்துவிட்டது. உன் உதை எப்படி? அந்தச் சுமையைத் தாங்கும் மூட்டு எது?

அதே காலத்தில் இன்னொரு விளையாட்டும் செய்தான். ஒரு நாள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவன் அதைக் குளக்கரையில் கட்டிவிட்டுக் குளிக்க இறங்கினான். பிறகு பட்டத்தின் குச்சியைக் கையில் பிடித்து மல்லாக்க மிதந்தான். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் அவனை இழுக்க, கை கால் அசைக்காமலே ஏறக்குறைய ஒரு மைல் அகலமுள்ள குளத்தைக் கடந்தான். துணிகளை இன்னொரு பையன் கரை வழியாகச் சுற்றித் தூக்கி வந்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் கடலைக்கூட இப்படிக் கடக்கலாம், ஆனா கப்பலே மேல் என்று வயதான பிறகு கிண்டலாக எழுதினார். நம்ம கோவளத்தில் இன்னைக்குப் பார்க்கும் கைட் சர்ஃபிங்கின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

லண்டன் நதியில்

12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை கற்கச் சேர்ந்தான். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 1723-ல், 17 வயதில், வீட்டை விட்டு ஓடிப் ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தான். போகும் வழியில் படகு புயலில் மாட்டியது. குடித்திருந்த பயணி ஒருவர் கடலில் விழுந்தார். பெஞ்சமின் எட்டிப் பிடித்து, தலைமுடியைப் பற்றி இழுத்து மேலே ஏற்றினான்.

அடுத்த வருஷமே லண்டன். அங்கே அச்சகத் தொழிலாளியாக வேலை. உடன் வேலை செய்தவர்கள் நாள் முழுக்க பீர் குடிப்பவர்கள், பீர்தான் பலம் தரும் என்று நம்பியவர்கள். ஃபிராங்க்ளின் தண்ணீர் மட்டும் குடித்தார். அவர்கள் இரண்டு கையால் ஒரு ஈய அச்சுச் சட்டத்தைத் தூக்கினால், இவர் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். நீச்சல் கொடுத்த தோள்.

வைகேட் என்ற நண்பருக்கும் இன்னொருவருக்கும் இரண்டே முறை ஆற்றில் இறங்கி நீச்சல் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் நண்பர்களோடு செல்சீ போய்விட்டுப் படகில் திரும்பும்போது, நீந்திக் காட்டச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். சட்டையைக் கழற்றித் தேம்ஸ் நதியில் குதித்தார். செல்சீ பக்கத்திலிருந்து பிளாக்ஃப்ரையர்ஸ் வரை, 5 கிலோமீட்டருக்கு மேல். வெறுமனே நீந்தவில்லை, தண்ணீருக்கு மேலும் கீழும் வித்தை காட்டிக்கொண்டே போனார். தெவனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1696-ல் வெளியிட்ட நீச்சல் புத்தகத்தில் இருந்த அசைவுகளை எல்லாம் பழகி, சொந்தமாகவும் சில சேர்த்து வைத்திருந்தார். காலில் ஃபின் இல்லை. உதை மட்டும்தான்.

இந்தச் செய்தி ஊரில் பரவியது. சர் வில்லியம் விண்டம் என்ற பெரிய மனிதர் ஆள் அனுப்பினார். அவருடைய இரண்டு மகன்களும் வெளிநாட்டுப் பயணம் போக இருக்கிறார்கள், அதற்கு முன் நீச்சல் கற்றுத் தர முடியுமா, நல்ல சம்பளம் தருகிறேன் என்றார். ஃபிராங்க்ளினுக்கு அப்போதுதான் உறைத்தது: லண்டனிலேயே தங்கி ஒரு நீச்சல் பள்ளி திறந்தால் நன்றாகச் சம்பாதிக்கலாமே! ஆனா ஊர் திரும்ப ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த அழைப்பு கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் தான் இவ்வளவு சீக்கிரம் அமெரிக்கா திரும்பியிருக்க மாட்டேன் என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். யோசிச்சுப் பாருங்க. சில வாரம் முன்பின் ஆகியிருந்தால், இடிதாங்கி கண்டுபிடித்தவருக்குப் பதிலாக லண்டனில் ஒரு நல்ல நீச்சல் வாத்தியார் இருந்திருப்பார்.

1726 ஜூலையில் கப்பல் ஏறினார். வயது 20. நடுக்கடலில் கப்பலைச் சுற்றி நீந்தினார். ஒரு நாள் சுறா தென்பட்டதால் இறங்கவில்லை. கடல்பாசியில் ஒட்டியிருந்த குட்டி நண்டுகளைப் பார்த்துக் குறிப்பு எழுதினார்.

முட்டையும் எண்ணெயும்

ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சந்தா கட்டிப் படிக்கும் நூலகம் என்று வளர்ந்தார். 42 வயதில் தொழிலை விட்டு விலகும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. பிறகு மின்சார ஆராய்ச்சி, 1752-ல் பட்டம், இடிதாங்கி, லண்டன் ராயல் சொசைட்டியின் பதக்கம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தண்ணீர்க் கதைக்குத் திரும்புவோம்.

1749-ல் இளைஞர்களுக்கான கல்வித் திட்டம் ஒன்றை எழுதினார். அதிலிருந்து பிறந்த கல்விக்கூடம்தான் இன்றைய பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அந்தத் திட்டத்தில் ஓட்டம், தாவல், மல்யுத்தத்தோடு நீச்சலையும் சேர்த்தார்.

வயது ஏறிய பிறகும் நீச்சல் தெரியாமல் பயந்த நண்பர் ஒருவருக்கு அவர் சொன்ன வழி இன்னைக்கும் நம்ம நீச்சல் குளத்தில் வேலை செய்யும். மார்பளவு தண்ணீரில் நின்று, கரையைப் பார்த்துத் திரும்பிக்கொள். உனக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முட்டையைப் போடு. அது மூழ்கும். இப்போ குனிந்து அதை எடுக்கப் பார். கீழே போவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். தண்ணீர் உன்னை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கரை பக்கம் போகப் போக ஆழம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். பயத்தைப் போக்க அறிவுரை சொல்லாமல், மிதப்பு விசையை உடம்பாலேயே உணர வைத்துவிட்டார். லேப் எக்ஸ்பெரிமென்ட்னா இப்படி இருக்கணும்.

லண்டனுக்குத் திரும்பப் போய்த் தங்கியிருந்த காலத்தில், கிளாபம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு டீஸ்பூன் அளவு எண்ணெய் விட்டார். சுமார் அரை ஏக்கர் பரப்பு கண்ணாடி மாதிரி அமைதியானது. இதை 1774-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அதில் வாய் நிறைய எண்ணெயோடு மூழ்கும் மத்தியதரைக் கடல் முக்குளிப்பவர்களைப் பற்றியும் சொல்கிறார். கீழே வெளிச்சம் வேண்டும்போது கொஞ்சம் எண்ணெயை வெளியே விடுவார்களாம். அது மேலே போய் அலைச்சுருக்கத்தைத் தட்டையாக்க, வெளிச்சம் நேராக இறங்கும். முக்குளிப்பவர்களிடமும் மீனவர்களிடமும் கேட்டுக் கற்பதில் அவருக்கு வெட்கமே இல்லை.

வளைகுடா நீரோட்டத்தின் கதையும் அதேதான். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகச் சேர்வதாகப் புகார் வந்தது. திமோதி ஃபோல்ஜர் என்ற திமிங்கில வேட்டைக் கேப்டன், உறவுக்காரர், அவரிடம் ஃபிராங்க்ளின் கேட்டார். நடுக்கடலில் ஒரு பெரிய நீரோட்டம் ஓடுகிறது, தபால் கப்பல்கள் அதை எதிர்த்தே போகின்றன, நாங்கள் சொன்னாலும் மீனவன் பேச்சைக் கேட்க அவர்களுக்கு மனசில்லை என்றார் ஃபோல்ஜர். ஃபிராங்க்ளின் அந்த ஓட்டத்தை வரைபடமாக அச்சடித்தார். ஆங்கிலக் கேப்டன்கள் அதையும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அட்லாண்டிக்கைக் கடந்த ஒவ்வொரு முறையும் கடல் நீரில் வெப்பமானி விட்டு அளந்தார். நீரோட்டம் சுற்றியுள்ள கடலைவிட வெதுவெதுப்பானது என்பதை எண்ணால் காட்டினார்.

நம்ம கிழக்குக் கரையிலும் நீரோட்டம் திசை மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே, கோடைத் தொடக்கத்தில் வடக்கே. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் வலை போடுகிறவர்களிடம் கேளுங்க, வரைபடம் இல்லாமலே சொல்லுவாங்க.

சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த போர்

ஃபிராங்க்ளின் இந்தக் கரையைப் பார்த்ததே இல்லை. ஆனா அவர் போட்ட ஒரு கையெழுத்தின் அலை இங்கே வந்து மோதியது.

1776-ல், 70 வயதில், விடுதலை அறிவித்த அமெரிக்காவின் தூதராகப் பிரான்ஸ் போனார். 1778 பிப்ரவரி 6-ல் பிரான்சோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவுக்குத் துணையாகப் பிரான்ஸ் இறங்க, பிரான்சும் பிரிட்டனும் உலகம் முழுக்க மோத ஆரம்பித்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். 1779-ல் மாஹேயையும் பிடித்தபோது ஹைதர் அலி கொதித்தார். அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன. 1780-ல் அவர் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஆங்கிலப் படை நொறுங்கியது. செங்கல்பட்டு வட்டாரக் கிராமங்கள் இரண்டு பக்கத்துப் படைக்கும் நடுவில் சிக்கிச் சீரழிந்தன.

டச்சுக்காரரும் பிரிட்டனோடு போருக்கு வந்ததால், சதுரங்கப்பட்டினத்தில் இருந்த டச்சுக் கோட்டையை 1781-ல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். 1782 பிப்ரவரி 17 அன்று, இந்த ஊருக்கு எதிரே கடலில், சுஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பல்களும் மோதின. தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. ஆங்கிலேயரின் எக்ஸிடர் என்ற கப்பல் சல்லடையாகி, அதன் கேப்டனும் இறந்தார். ஹியூஸ் பழுது பார்க்கத் திருகோணமலை போனார். கடற்படை வரலாற்றில் சத்ராஸ் போர் என்று சொல்வது இதைத்தான். அதே ஆண்டு ஏப்ரலில், ஃபிராங்க்ளினின் சொந்த மாநிலமான பென்சில்வேனியா ஒரு போர்க்கப்பலை இறக்கி ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. அந்தக் கப்பலின் பெயர் ஹைதர் அலி!

சுஃப்ரனும் ஹியூஸும் மொத்தம் ஐந்து முறை மோதினார்கள். கடைசி மோதல் 1783 ஜூன் 20, கடலூர் எதிரே. ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் ஜனவரியிலேயே முதல்கட்ட சமாதானத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. செய்தி கப்பலில் ஆடி அசைந்து வந்து சேரும் முன், முடிந்துபோன போருக்காக இங்கே ஆட்கள் செத்தார்கள். அமெரிக்காவுக்கான இறுதி ஒப்பந்தத்தில் ஃபிராங்க்ளின் செப்டம்பர் 3-ல் பாரிஸில் கையெழுத்திட்டார்.

சதுரங்கப்பட்டினம் பிறகு டச்சுக்காரருக்குத் திரும்பியது. கைமாறிக் கைமாறி, 1824 ஒப்பந்தப்படி நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் போனது. இன்னைக்கு கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் மதிலும் தானியக் கிடங்கும் டச்சுக் கல்லறைகளுமாக அந்தக் கோட்டை நிற்கிறது. ஈ.சி.ஆர். பஸ்ஸில் போகும்போது ஒரு முறை இறங்கிப் பாருங்க.

உப்புத் தண்ணீரில் ஒரு தூக்கம்

1785-ல் ஊர் திரும்பும் வழியில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் சில நாள் தங்கினார். வயது 79. சிறுநீர்ப்பையில் கல், காலில் கீல்வாதம். அங்கே அவருடைய மகன் வில்லியம் பார்க்க வந்தார். போரில் வில்லியம் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றவர், அதற்காகச் சிறையும் இருந்தவர். அப்பா மன்னிக்கவில்லை. சொத்துக் கணக்கை முடித்துக்கொண்டு பிரிந்தார்கள். மறுபடி அவர்கள் சந்திக்கவே இல்லை.

அதே நாட்களில் ஒரு மதியம், அங்கிருந்த வெந்நீர் உப்புக் குளியலில் இறங்கி மல்லாக்க மிதந்தார். அப்படியே தூங்கிப்போனார். கடிகாரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்! மூழ்கவும் இல்லை, புரளவும் இல்லை. தனக்கே நம்ப முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். நடக்கவே வலித்த உடம்புக்குத் தண்ணீரைவிட மெத்தையான படுக்கை கிடைக்கவில்லை. கப்பல் ஏறியதும் சும்மா இருக்கவில்லை. சீனக் கப்பல்களில் இருப்பது போல் அடித்தளத்தைத் தண்ணீர் புகாத அறைகளாகப் பிரிக்க வேண்டும் என்பது உட்பட, கடல் பயணம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

அவர் வாழ்க்கையில் பெரிய கறை ஒன்று உண்டு. பல வருஷம் அடிமைகளை வைத்திருந்தார். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சடித்தது. 1757-ல் லண்டனுக்கு இரண்டு அடிமைகளை அழைத்துப் போனார், ஒருவர் தப்பி ஓடினார். கடைசிக் காலத்தில் மாறினார். 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். மனு பலிக்கவில்லை. தாமதமான மாற்றம்தான். ஒரு பலகை சரியில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டவருக்கு, இது சரியில்லை என்று சொல்ல ஒரு ஆயுளே தேவைப்பட்டது. 1790 ஏப்ரல் 17-ல், 84 வயதில், ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார்.

அவருக்குக் கிடைக்காத ரப்பர்

ஃபிராங்க்ளினின் கால் பலகை ஏன் தோற்றது என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். வளையும் பொருள் அவரிடம் இல்லை. நல்ல ஃபின் உதைக்கும்போது வளைந்து, தண்ணீரைப் பின்னால் தள்ளி, கணுக்காலுக்கு வரும் சுமையைக் கொஞ்சம் தானும் வாங்கிக்கொள்ளும். அதற்கு ரப்பர் வேண்டும். ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று 1770-ல் எழுதியவர் அவருடைய நண்பர் பிரீஸ்ட்லிதான்! ஆனா வெயிலில் உருகாத, குளிரில் உடையாத ரப்பர் 1839-க்குப் பிறகுதான் வந்தது. லூயி தெ கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ரப்பர் ஃபின்னுக்கு 1933-ல் காப்புரிமை பெற்றார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வென்ற ஓவன் சர்ச்சில் அதை அமெரிக்காவில் தயாரித்து விற்றார். 1968-ல் சர்வதேச நீச்சல் புகழ்க்கூடம் ஃபிராங்க்ளின் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

சரி, வாட்ஸ்அப் சண்டைக்கு வருவோம். பையன் ஃபிராங்க்ளின் கேட்ட இரண்டு கேள்வியையே கேளுங்க.

முதல் கேள்வி, உதை எப்படி? காலை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிக்கும் ஃப்ளட்டர் கிக் என்றால், நடுத்தர நீளமும் கொஞ்சம் வளைவும் உள்ள பிளேடு போதும். தவளை உதை என்றால் அகலமான, குட்டையான, விறைப்பான பிளேடு நல்லது. நடுவில் பிளந்த ஸ்ப்ளிட் ஃபின் தவளை உதைக்குச் சரிவராது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 2002-ல் மூழ்கிக் கல் கட்டுமானங்களைப் பார்த்தார்கள். கலங்கல் தண்ணீர் அங்கே பெரிய தொல்லை. இப்படிச் சேறும் மணலும் உள்ள தரையில் ஃப்ளட்டர் கிக் அடித்தால் அடியிலிருக்கும் மண் கிளம்பி ஒன்றும் தெரியாது. தவளை உதை தண்ணீரை நேர் பின்னால் தள்ளுவதால் தரை அவ்வளவாகக் கலங்காது.

இரண்டாவது, எந்த மூட்டு விலை கொடுக்கும்? பிளேடு நீளமும் விறைப்பும் கூடக் கூடக் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் திருகுவிசை கூடும். மூச்சடக்கி மூழ்குபவர்களின் நீளமான ஃபின் வீடியோவில் அழகுதான். புதுசாகப் பழகுபவர் முதுகில் சிலிண்டரோடு அதை மாட்டினால் பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் கால் பிடித்தால் அது விளையாட்டு இல்லை.

மிச்சம் அளவு. படகிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் குதிப்பதற்கு வெறுங்காலில் போடும் ஃபுல் ஃபுட் போதும். கரையிலிருந்து நடந்து இறங்குவது, பாறை, கிளிஞ்சல் என்றால் பூட்டி போட்டு ஸ்ட்ராப் மாட்டும் ஓப்பன் ஹீல் எடுங்க. பூட்டியோடு சேர்த்துத்தான் அளவு பார்க்கணும். விரல் நசுங்கக் கூடாது, குதிகால் கழன்று ஆடக் கூடாது. வாங்கும் முன் இரண்டு மூன்று ஜோடி வாடகைக்கு எடுத்து, குளத்தில் அரை மணி நேரம் நீந்திப் பாருங்க. அசந்து போவது எது என்று உங்க கால் சொல்லும்.

பிடிக்கலைன்னா கூச்சப்படாம கழற்றிடுங்க. ஏன் பிடிக்கலைன்னு மட்டும் நோட்டில் எழுதி வெச்சுக்குங்க. அடுத்த ஜோடியை எடுக்கும்போது அது உதவும்.